கட்சிகளின் பல குரல்கள்: சட்டமன்றத் தேர்தல் பரப்புரையை வாக்காளர் படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

2021 மார்ச் 7 அன்று திருச்சியை அடுத்த சிறுகனூரில் நடந்த பொதுக்கூட்டத்தில், தி.மு.க. ஆட்சிக்கு வந்தால் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கப்படும் என்று மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மறுநாள் மகளிர் தினம். அன்று அ.தி.மு.க. தரப்பில் எடப்பாடி கே. பழனிசாமி, குடும்பத்துக்கு மாதம் 1,500 ரூபாயும் ஆண்டுக்கு ஆறு சமையல் எரிவாயு சிலிண்டர்களும் தரப்படும் என்று அறிவித்தார். அந்த இரண்டு நாட்களும் தேநீர்க் கடைகளிலும் நியாயவிலைக் கடை வரிசைகளிலும் ஆயிரமா, ஆயிரத்து ஐந்நூறா என்பதே பேச்சாக இருந்தது. யாருக்குக் கிடைக்கும், எந்த மாதத்திலிருந்து கிடைக்கும், எந்த நிபந்தனையின்பேரில் கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளும் அந்தப் பேச்சில் அடிபடவில்லை. அவற்றுக்கான விடை இரண்டரை ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது.

ஒரு கட்சி தேர்தல் காலத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை. மேடையில் ஒரு குரல், அச்சிட்ட அறிக்கையில் இன்னொரு குரல், வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மூன்றாவது குரல், கைப்பேசித் திரையில் நான்காவது, இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் நிற்கும் பூத் கமிட்டிக்காரரிடம் ஐந்தாவது குரல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் ஒலிக்கும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போதுதான் அந்தக் கட்சி என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது பிடிபடும். அதற்கான வழியைத்தான் தமிழகச் சட்டமன்றத் தேர்தலை வைத்துப் படிப்படியாக எழுதுகிறேன். உணர்ச்சி அடங்கிய பிறகு பார்த்தால்தான் தெளிவு இருக்கும் என்பதால், உதாரணங்களை முடிந்துபோன தேர்தல்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். தேவைப்படுவது ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய இரண்டு மாதங்களிலிருந்து வாரத்துக்கு ஒரு மணி நேரம்.

முதல் படி: போட்டியின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

கட்சிகள் ஏன் இப்படிப் பேசுகின்றன என்பதை அறிய, அவை எதற்காகப் போட்டியிடுகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும். 234 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் அதிக வாக்கு பெற்றவர் வெற்றி பெறுகிறார், பாதிக்கு மேல் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த ஒரு விதியே தமிழக அரசியலில் கூட்டணி என்ற ஏற்பாட்டுக்கு இத்தனை வலிமையைத் தருகிறது. 2016 தேர்தலில் அ.தி.மு.க. சுமார் 41 விழுக்காடு வாக்குகளைப் பெற்று 134 இடங்களைப் பிடித்தது. தி.மு.க. கூட்டணி ஏறத்தாழ ஒரு விழுக்காடே குறைவாகப் பெற்று 98 இடங்களில் நின்றுவிட்டது. தே.மு.தி.க., மக்கள் நலக் கூட்டணி, த.மா.கா. ஆகியவை சேர்ந்து நின்ற அணிக்கு லட்சக்கணக்கான வாக்குகள் விழுந்தும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 1989இல் எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாக உடைந்து நின்றபோது, தி.மு.க. சுமார் 33 விழுக்காட்டு வாக்குகளுடன் 150 இடங்களை வென்றது. எதிரணி வாக்குகள் எத்தனை துண்டாகச் சிதறுகின்றன என்பது, தன் அணிக்கு எத்தனை வாக்கு விழுகிறது என்பதற்கு ஈடான கணக்கு.

தொகுதி அளவில் வெற்றி வித்தியாசம் இன்னும் சிறியதாகலாம். 2016இல் ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 49 வாக்குகள். 2021இல் தியாகராய நகரில் 137 வாக்குகள். ஒரே தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் போதும். ஆகவே கட்சிகள் எல்லாரிடமும் ஒரே அளவு பேசுவதில்லை; எந்த வாக்கு எந்தப் பக்கமும் சாயக்கூடியதோ அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்கின்றன. உங்கள் தெருவுக்கு ஒரு வேட்பாளர் மூன்று முறை வருகிறார், பக்கத்துத் தெருவுக்கு ஒரு முறையும் வரவில்லை என்றால், அதற்குப் பெரும்பாலும் பழைய வாக்குக் கணக்கில் காரணம் இருக்கும்.

இரண்டாம் படி: உங்கள் வாக்குச்சாவடியின் பழைய கணக்கை எடுங்கள்

அந்தக் கணக்கு கட்சி அலுவலகங்களில் மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பொது ஆவணம். ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் படிவம் 20, வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைக் காட்டுகிறது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி எண்ணைக் கொண்டு இதைத் தேடலாம். ஒவ்வொரு சாவடியாக நீண்டுகொண்டே போகும் அந்தப் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் சாவடி எண்ணுக்கு எதிரே உள்ள ஒற்றை வரியைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். வாக்குச்சாவடிகள் இடையில் பிரிக்கப்பட்டோ சேர்க்கப்பட்டோ இருக்கலாம் என்பதால், எண்ணோடு பள்ளிக் கட்டடத்தின் பெயரையும் தெருக்களின் பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் எங்கள் சாவடியின் வரியைப் படித்தபோது, அந்தத் தெருவைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணங்களில் பாதி தவறு என்று தெரிந்தது. எங்கள் பகுதி முழுக்க ஒரே கட்சியின் கோட்டை என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். கணக்கின்படி முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே இருந்தவை முப்பதுக்கும் குறைவான வாக்குகள். அதற்குப் பிறகு எந்தப் பேச்சாளர் "இந்தப் பகுதி மக்கள் எங்கள் பக்கம்" என்று முழங்கினாலும் அந்த ஒற்றை வரி நினைவுக்கு வரும்.

மூன்றாம் படி: தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

தேர்தல் ஆணையம் தேதியை அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. அதன்பின் ஆளும் கட்சி புதிய திட்டங்களை அறிவிக்க முடியாது. எனவே அந்த அறிவிப்புக்கு முந்தைய சில வாரங்கள், ஆளும் கட்சி எதுவாக இருந்தாலும், அரசாங்கத்தின் வாயால் கட்சி பேசுகிற காலமாகவே அமைகின்றன. 2021 பிப்ரவரி 5 அன்று கூட்டுறவு வங்கிகளில் பெற்ற 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடன் தள்ளுபடி சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 26 அன்று வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்ட முன்வடிவு நிறைவேறியது. அதே நாளில்தான் தேர்தல் தேதியும் அறிவிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தை 2021 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கடைசி நேரத்தில் வந்தது என்பதால் மட்டும் ஓர் அறிவிப்பு பொய்யாகிவிடாது. ஆனால் கடைசி நேரத்தில் வரும் அறிவிப்பை விரிவாக விவாதிக்கவோ, அதன் அடிப்படைத் தரவுகளைச் சரிபார்க்கவோ யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நோட்டில் அறிவிப்புக்குப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். அரசாணை வெளியானதா என்பதற்கு ஒரு கட்டம் விட்டு வையுங்கள்.

நான்காம் படி: தேர்தல் அறிக்கையைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தமிழகத்தில் தேர்தல் அறிக்கை வெறும் சடங்கு அல்ல. ஆட்சிகளையே மாற்றிய ஆவணம். 1967இல் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று தி.மு.க. சொன்னது. அரிசிப் பஞ்சத்தில் தவித்த மக்களுக்கு அது எட்டியது; காங்கிரஸ் ஆட்சி போனது. அந்த முழக்கத்தை இன்று படிக்கும்போதும் எனக்கு அதன் அமைப்பு வியப்பைத் தருகிறது. விருப்பம் எது, உறுதி எது என்று ஒரே வரியில் கட்சியே பிரித்துச் சொல்லியிருக்கிறது. இன்றைய அறிக்கைகளில் அந்தப் பிரிவினையை நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

2006இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று இலவசப் பொருட்கள் பெருகியபோது, அவை வாக்காளருக்குத் தரும் லஞ்சம் ஆகாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்த நீதிமன்றம், அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. அதன்பின் வந்த நெறிமுறைப்படி, வாக்குறுதியின் காரணத்தையும் அதற்கான நிதி எங்கிருந்து வரும் என்பதையும் கட்சி பொதுவாகவாவது குறிப்பிட வேண்டும். அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் இந்த நிதிக் குறிப்பைத் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்காது, கிடைக்கும்போது அந்தக் கட்சிக்கு ஒரு மதிப்பெண் கூட்டுங்கள்.

பிறகு உங்கள் வீட்டைத் தொடும் வாக்குறுதிகளில் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். 2021இல் தி.மு.க. அறிக்கையில் மட்டும் 505 வாக்குறுதிகள் இருந்தன. அத்தனையையும் ஒருவர் பின்தொடர முடியாது. தேர்ந்தெடுத்த ஐந்தையும் அச்சில் உள்ள அதே சொற்களில் எழுதிக்கொண்டு நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இதைச் செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டா? அரசாணை ஒன்றே போதுமா, அல்லது சட்டமும் நிதி ஒதுக்கீடும் வேண்டுமா? பயன் பெறுபவரைக் குறிக்கும் சொல் எது? காலக்கெடு எழுதப்பட்டிருக்கிறதா?

இந்தக் கேள்விகள் எவ்வளவு தூரம் வெளிச்சம் காட்டும் என்பதற்கு அந்த 2021 அறிக்கையே சான்று. நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்ற வாக்குறுதி, ஆட்சி பொறுப்பேற்ற மே 7 அன்றே கையெழுத்தாகி மறுநாளே நடைமுறைக்கு வந்தது. பேருந்துகள் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுடையவை. கட்டண இழப்பை அரசு ஈடுகட்டினால் போதும். யார் தகுதியுள்ளவர் என்று பட்டியல் போட வேண்டியதில்லை, பேருந்தில் ஏறும் பெண் எல்லாருமே தகுதியுள்ளவர். மாதம் 1,000 ரூபாய் என்ற வாக்குறுதிக்குப் பெருந்தொகையும் பயனாளிகள் பட்டியலும் தேவைப்பட்டன. அது 2023 செப்டம்பர் 15 அன்றுதான் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. அப்போது ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நன்செய் நிலம் ஐந்து ஏக்கருக்கு மிகாமல் இருக்க வேண்டும், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வரையறைகளும் உடன் வந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கைக்கு அந்தப் பணம் நேராகச் சென்றது பெரிய காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2021இல் மேடையில் "குடும்பத் தலைவிகள்" என்ற சொல்லைக் கேட்டுத் தானும் அதில் அடக்கம் என்று நம்பி, பின்னர் மின் கட்டண அட்டையைக் காட்டி மறுக்கப்பட்ட பெண்களும் உண்டு. மேடையில் சொன்ன சொல் பொதுச் சொல். வரையறை பிறகு வந்தது. அறிக்கையில் வரும் "தகுதியுள்ள", "படிப்படியாக", "நடவடிக்கை எடுக்கப்படும்", "வலியுறுத்துவோம்" ஆகிய சொற்களின்கீழ் கோடு இடுங்கள்.

அதிகாரம் பற்றிய முதல் கேள்விக்கு நீட் தேர்வே உதாரணம். ஆட்சிக்கு வந்ததும் நீட் ரத்துக்குச் சட்டம் கொண்டுவருவோம் என்ற வாக்குறுதிப்படி 2021 செப்டம்பரில் சட்ட முன்வடிவு நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியது. கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. சட்டம் கொண்டுவருவது மாநிலத்தின் கையில் இருந்தது. தேர்வை நிறுத்துவது அதன் கையில் இல்லை. இந்த வேறுபாட்டை மேடையிலேயே விளக்கிச் சொல்லியிருந்தால், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் அடைந்த குழப்பம் எவ்வளவோ குறைந்திருக்கும். இதைப் பற்றி எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

அளவு சொல்லப்பட்ட வாக்குறுதியைச் சரிபார்ப்பது எளிது. பெட்ரோல் லிட்டருக்கு 5 ரூபாய் குறைக்கப்படும் என்று 2021 அறிக்கை சொன்னது. அந்த ஆண்டு ஆகஸ்ட் நிதிநிலை அறிக்கையில் 3 ரூபாய் குறைந்தது. அ.தி.மு.க.வின் 2016 வாக்குறுதிகளில், வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமில்லா மின்சாரம் என்பது ஜெயலலிதா பதவியேற்ற மே 23 அன்றே கையெழுத்தானது. படிப்படியான மதுவிலக்கு என்பதற்கு அதே நாளில் 500 மதுக்கடைகளை மூடும் உத்தரவு வந்தது, பிறகு இன்னொரு 500 மூடப்பட்டன, அந்தப் படிக்கட்டு அங்கேயே நின்றது. எண் உள்ள வாக்குறுதி, எண் இல்லாத வாக்குறுதி இரண்டையும் நோட்டில் வெவ்வேறு பக்கத்தில் எழுதுவது நல்லது.

ஐந்தாம் படி: மேடையையும் சின்னத்தையும் கவனியுங்கள்

பொதுக்கூட்டத்துக்குப் போவதை நான் இன்றும் பரிந்துரைக்கிறேன். தொலைக்காட்சி தலைவரின் முகத்தை மட்டும் காட்டும்; கூட்டத்தில் நின்றால் எந்த வரிக்குக் கை தட்டுகிறார்கள், எந்த வரியில் மக்கள் தண்ணீர் பாக்கெட்டைத் தேடுகிறார்கள் என்பது தெரியும். ஆனால் கூட்டத்தின் அளவை வாக்காக எண்ணாதீர்கள். வெளியே நிற்கும் வேன்களின் பதிவெண்களையும் ஒட்டப்பட்டிருக்கும் ஒன்றியங்களின் பெயர்களையும் பார்த்தால், வந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் என்பது ஓரளவு புரிந்துவிடும்.

மேடையில் வேட்பாளர் எங்கே இருக்கிறார் என்பதையும் பாருங்கள். வேட்பாளருக்குச் செலவு வரம்பு உண்டு. தமிழகம் போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்றத் தொகுதிக்கு அது 2022இல் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்சிக்கு அப்படி வரம்பே இல்லை. நட்சத்திரப் பேச்சாளர் பொதுவாகக் கட்சிக்காகப் பேசினால் செலவு கட்சிக் கணக்கில் போகும். வேட்பாளர் அதே மேடையில் ஏறினாலோ, அவருடைய படமும் பெயரும் பந்தலில் இருந்தாலோ, செலவில் ஒரு பங்கு அவர் கணக்கில் ஏறும். பெரிய தலைவர் வந்திருக்கும்போதும் சில இடங்களில் வேட்பாளர் மேடைக்குக் கீழேயே நிற்பதன் காரணம் பணிவு மட்டுமல்ல. துண்டறிக்கையும் சுவரொட்டியும் கைக்கு வந்தால் அடியில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவரின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சட்டப்படி இருந்தாக வேண்டும். எதிரணியைத் தாக்கும் பெயரில்லாத் துண்டறிக்கைக்கு நோட்டில் இடமே தர வேண்டாம்.

சின்னம் என்பது எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில் வாக்காளருக்குக் கிடைத்த முகவரி. இன்றும் அதன் வலு குறையவில்லை. 1989இல் இரட்டை இலை முடக்கப்பட்டு ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றதையும், இணைந்த பிறகு இலையை மீட்டதையும் மூத்த வாக்காளர்கள் இன்றும் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சிக்குப் பழகிய கரும்பு விவசாயி சின்னம் கிடைக்காமல் ஒலிவாங்கி கிடைத்தது. மிகக் குறைந்த நாட்களில் அந்தப் புதிய சின்னத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார்கள். கூட்டணிக் கட்சி வேட்பாளர் எந்தச் சின்னத்தில் நிற்கிறார் என்பதும் முக்கியம். 2021இல் தி.மு.க. வென்றதாகச் சொல்லப்படும் 133 இடங்களில் 8 இடங்கள், உதயசூரியன் சின்னத்தில் நின்ற ம.தி.மு.க. உள்ளிட்ட தோழமைக் கட்சியினர் வென்றவை. அப்படி வென்றவர் சட்டமன்றத்தில் சின்னத்துக்குரிய கட்சியின் உறுப்பினராகவே கணக்கிடப்படுவார். சட்டமன்றத்தில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று அந்தக் கட்சி இடும் கொறடா உத்தரவு அவரையும் கட்டுப்படுத்தும். நீங்கள் விரும்புவது அந்தச் சிறிய கட்சியின் தனிக் குரலை என்றால், இதைத் தெரிந்துகொண்டு வாக்களியுங்கள்.

ஆறாம் படி: பிரமாணப் பத்திரத்தைத் திறந்து பாருங்கள்

வேட்புமனுவுடன் தாக்கலாகும் படிவம் 26, நிலுவை வழக்குகள், சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, கல்வி, ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு அனைத்தையும் உறுதிமொழியாகச் சொல்கிறது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் கையெழுத்துடன் கூடிய நகலே கிடைக்கும். முந்தைய தேர்தலிலும் நின்றவர் என்றால் இரண்டு பத்திரங்களையும் அருகருகே வையுங்கள். வழக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்: அனுமதியின்றிச் சாலை மறியல் செய்ததற்கான வழக்கும் நில அபகரிப்பு வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான், தன்மையில் வேறு. வழக்குள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சி எழுத்தில் காரணம் வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும், தேடிப் படியுங்கள்.

ஏழாம் படி: கைப்பேசிக்கு வருவதைப் பிரித்தறியுங்கள்

ஐ.டி. விங் என்று எல்லாரும் சொல்லும் தகவல் தொழில்நுட்ப அணி இன்று எல்லாப் பெரிய கட்சிகளிலும் இருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கம், பள்ளிப் பெற்றோர், சாதிச் சங்கம், கோயில் திருவிழாக் குழு என்று ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில், தெரிந்த ஒருவரின் பெயரில் செய்தி வந்து விழுவதுதான் அதன் வழி. மேடைப் பேச்சை எதிர்க்கட்சியும் கேட்கும், பதில் சொல்லும். குழுவில் வரும் செய்திக்குப் பதில் சொல்ல யாரும் இருப்பதில்லை. ஆகவே ஒரு கட்சி ஒரு சமூகத்தின் குழுவில் ஒன்றையும் இன்னொரு சமூகத்தின் குழுவில் அதற்கு நேரெதிரானதையும் சொல்ல இடமுண்டு. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சின்னப் பழக்கம் வைத்திருக்கிறோம். வேறு ஊரில், வேறு தொழிலில் இருக்கும் உறவினர் இருவருக்கு வந்த தேர்தல் செய்திகளை ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறோம். ஒரே வாரத்தில், ஒரே கட்சியின் பெயரில், பாசன நீரைப் பற்றி இரு மாவட்டங்களுக்கு இருவிதமாக வந்த செய்தியை அப்படித்தான் கண்டுபிடித்தோம். உண்மையிலேயே கட்சிதான் அனுப்பியதா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை. அந்தச் செய்தியின் மேல் யாருடைய பெயரும் இல்லை.

இறந்த தலைவர்களின் குரலே இப்போது செயற்கை நுண்ணறிவால் பேசுகிறது. 2024 ஜனவரியில் ஒரு நிகழ்ச்சியில் கருணாநிதி பேசுவதுபோன்ற காணொளி திரையிடப்பட்டது. பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவர் குரல்போன்ற ஒலிப்பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. அவை வெளிப்படையாகச் செய்யப்பட்டவை. அதே கருவியால் உயிரோடிருக்கும் வேட்பாளர் சொல்லாததைச் சொல்லவைக்கவும் முடியும். அத்தகைய போலிகளைக் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவிட்டது. மூன்று மணி நேரம் ஒரு செய்தி தமிழகம் முழுதும் சுற்றிவரப் போதுமானது. பணம் கொடுத்து வெளியிடும் இணைய விளம்பரங்களை, கூகுளும் மெட்டாவும் வைத்திருக்கும் விளம்பரத் தொகுப்பில் கட்சியின் பெயரிட்டுத் தேடினால், யார் பணம் கட்டினார்கள், எந்த மாநிலத்துக்குக் காட்டினார்கள் என்பது தெரியும்.

எட்டாம் படி: வாசலுக்கு வருபவரிடம் பேசுங்கள்

ஒரு வாக்குச்சாவடிக்கு ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர்கள். பூத் கமிட்டியினர் அந்தப் பட்டியலை வீட்டு வரிசையில் பிரித்துக்கொண்டு, நம் ஓட்டு, எதிர் ஓட்டு, இன்னும் முடிவு செய்யாதவர் என்று பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டே வருவார்கள். அவர் உங்களிடம் தகவல் சேகரிக்கிறார். நீங்களும் அவரிடம் சேகரிக்கலாம். "எங்கள் தெருக் கால்வாய்க்கு உங்கள் வேட்பாளர் என்ன எழுதிக் கொடுப்பார்?" என்று கேளுங்கள். 2021 தேர்தலுக்கு முன் "உங்கள் தொகுதியில் ஸ்டாலின்" என்ற பெயரில் மனுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. நூறு நாட்களில் தீர்வு என்று சொல்லப்பட்டது. ஆட்சி அமைந்ததும் அம்மனுக்களுக்கென்று தனித் துறையே ஏற்படுத்தப்பட்டது. எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்ற கோரிக்கைக்குத் தொடர்ச்சி உண்டு. வாசலில் வாய்மொழியாகச் சொன்னதற்கு இல்லை.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் ஒலிபெருக்கிகள் ஓய்ந்துவிடும். வாக்குக்குப் பணப் பட்டுவாடா நடப்பது பெரும்பாலும் அந்த அமைதியில்தான். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின் அந்த ஊரின் பெயரே இதற்கு அடைமொழியாகிவிட்டது அவ்வூர் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நினைக்கிறேன். ஏனென்றால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப் புழக்கத்தால் தேர்தலே ரத்தானது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாசலில் உறை நீட்டப்பட்டால், வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள். பிறகு 1950 என்ற எண்ணையோ, படத்துடன் புகார் அனுப்ப உதவும் சி-விஜில் செயலியையோ பயன்படுத்தலாம். செயலியில் உங்கள் பெயரைத் தெரிவிக்காமலும் புகார் செய்யலாம். உறையை வாங்கிவிட்டவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வாக்கு ரகசியமானது, யாருக்குப் போட்டீர்கள் என்பதைக் கொடுத்தவர் அறிய வழியே இல்லை, கோயிலில் வாங்கிய சத்தியத்துக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை.

வாக்குப்பதிவு நாளில் சாவடிக்கு 100 மீட்டருக்கு அப்பால் ஒரு மேசை, இரண்டு நாற்காலியுடன் கட்சியினர் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் தரும் சீட்டு வெள்ளைத் தாளில், சின்னமோ வேட்பாளர் பெயரோ இல்லாமல் இருக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குமேல், பட்டியலில் இன்னும் கோடு விழாத பெயர்களைத் தேடி இரு சக்கர வாகனங்கள் தெருவுக்குள் வரும். வயதான என் பெரியம்மாவை அப்படி அழைத்துப் போக மூன்று கட்சியினர் ஒரே நேரத்தில் வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர், "நான் நடந்தே போறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போய் வாக்களித்துவிட்டு வந்தார்.

ஒன்பதாம் படி: நோட்டை மூடி வைக்காதீர்கள்

தேர்தல் முடிந்ததும் பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கைக்குப் பின், ஒவ்வொரு துறையும் தனக்கான நிதியைச் சட்டமன்றத்திடம் கேட்கும் மானியக் கோரிக்கையின்போதும் அமைச்சர் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பைச் சட்டமன்றத்தில் வைக்கிறார். அது தமிழிலேயே அரசின் இணையதளத்தில் கிடைக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஐந்து வாக்குறுதிகளும் எந்தத் துறைக்குரியவை என்று பார்த்து, அந்தக் குறிப்பில் ஒதுக்கப்பட்ட தொகையையும் பயனாளிகள் எண்ணிக்கையையும் பாருங்கள். தோற்ற கட்சியின் ஐந்து வாக்குறுதிகளையும் பின்தொடருங்கள்; எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்த பின் அவற்றைப் பற்றி அது சட்டமன்றத்தில் ஒரு முறையாவது பேசியதா என்பது, அடுத்த தேர்தலில் அதே வாக்குறுதியோடு வரும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அரசாணை எண்ணும் தேதியும் எழுதும் கட்டம் இருக்கட்டும். அரசாணை வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், அதன் நகலைப் பார்த்த பிறகே அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.